ஐரினின் மூன்று தட்டுகள்

திண்டுக்கல்லில் பத்துக் கட்டில் போட்ட ஓர் ஆஸ்பத்திரியின் லேபில் ஐரின் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் யாராவது நின்று நலம் விசாரித்தால் அவர்கள் பெயர் நினைவுக்கு வராது. சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பது வந்துவிடும். கல்யாணமான புதிதில், மூத்திரமும் மலமும் தொடுகிற கையால் குழம்பு வைக்கிறாளே என்று நாத்தனார் முகம் சுளித்ததுண்டு. தன் கையைவிடச் சுத்தமான கை இந்த ஊரிலேயே கிடையாது என்பது ஐரினின் எண்ணம்.

2003 ஆகஸ்டில் கன்னிவாடியிலிருந்து புவனேஸ்வரியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். நீர்க்கடுப்பு, உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிர்காய்ச்சல். டாக்டர் ஞானராஜ் வழக்கமான ஊசியைப் போட்டுப் பார்த்தார். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. அதற்குள் அவளுடைய மூத்திரத்தில் குடல் கிருமி வளர்ந்திருப்பதை ஐரின் கண்டுபிடித்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கக் கண்ணாடித் தட்டில் பரப்பி, மேலே ஒவ்வொன்றும் ஒரு மருந்தில் தோய்த்த ஆறு காகித வில்லைகளை வைத்தாள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வட்டமாகத் தட்டு தெளிந்திருக்கும். ஸ்கேலை வைத்து அந்த வட்டத்தை அளப்பதுதான் அவள் வேலை.

மறுநாள் காலை தட்டில் அளக்க ஒன்றுமில்லை. ஆறு வில்லையையும் ஒட்டி உரசிக்கொண்டு, பாய் விரித்ததுபோலக் கிருமி வளர்ந்து கிடந்தது.

இப்படி ஒரு தட்டை ஐரின் பார்த்ததேயில்லை. டாக்டரும் நம்பவில்லை. கரண்டு போய்ப் போய் வந்ததில் ஃபிரிட்ஜில் இருந்த வில்லைகள் கெட்டிருக்கும் என்றார். இதை நம்பி மருந்தை மாற்ற முடியாது, உறுதியாகச் சொல்லு என்றார். வார்டில் புவனேஸ்வரி பிதற்ற ஆரம்பித்திருந்தாள்.

வில்லை நல்லதா என்று சோதிக்க, எல்லா மருந்துக்கும் சாகிற சாதாரணக் கிருமி ஒன்று வேண்டும். லேபில் அதற்கென்று வைத்திருந்தது கோடையிலேயே செத்துவிட்டது. அப்படி ஆகிற நாளில் வேலை பார்ப்பவர்களே தங்கள் மலத்தைக் கொடுத்துவிடுவது அந்த லேபின் வழக்கம். சீக்குப் பிடிக்காத வயிற்றில் நல்ல கிருமிதானே இருக்கும். ஐரின் தன்னுடையதை எடுத்தாள். ஒன்று போதாதென்று ஆயா வியாகுலம்மாளிடமும் டப்பாவைக் கொடுத்தாள்.

"இம்புட்டுத்தானா? நேத்தே சொல்லியிருந்தா வீணாக்கியிருக்க மாட்டேன்ல, தாயி," என்றாள் வியாகுலம்மாள்.

கிருமி வளர ஒரு நாள், வில்லை வைத்து மறுநாள். புவனேஸ்வரியின் தட்டையும் புதிதாகப் போட்டு, இந்த முறை அலமாரி மூலையில் கிடந்த, டாக்டர்கள் அதிகம் எழுதாத ஏழாவது மருந்தின் வில்லையையும் வைத்தாள். மூன்றாம் நாள் காலை தட்டுகளை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள்.

வியாகுலம்மாளின் தட்டில் அச்சு வார்த்ததுபோல வட்டங்கள். வில்லைகள் கெடவில்லை. புவனேஸ்வரியின் தட்டில் ஏழாவதைச் சுற்றி மட்டும் வட்டம். மற்ற ஆறும் பழையபடி.

ஐரினின் தட்டும் அச்சாகப் புவனேஸ்வரியின் தட்டேதான்.

பெயர் ஒட்டியதில் மாறிப்போச்சோ என்று மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். வயிற்றை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். வலியில்லை, உப்புசமில்லை. காலையில் நாலு இட்லி தின்றுவிட்டு வந்திருந்தாள்.

டாக்டர் மூன்றையும் பார்த்துவிட்டு, நடுவில் இருந்த ஐரினின் தட்டைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். சொல்லாவிட்டால் இந்தச் சோதனையையே நம்பமாட்டார்.

"என்னுது சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கடைசியா எப்ப மாத்திரை சாப்ட்ட?"

வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மாத்திரை இருக்கிறது என்று ஐரின் சொன்னாள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகிற சாம்பிள். சளிக்கு ரெண்டு, வயிற்றுப்போக்குக்கு ரெண்டு. கேட்டதும் நிறுத்திவிட்டு, மிச்சம் அடுத்த தடவைக்கு. அவளுக்கு, அவள் புருஷனுக்கு, பிள்ளை ரூபிக்குப் பாதியாக உடைத்து, தெருவில் கேட்டவர்களுக்கும். எந்த மருந்து எந்தக் கிருமிக்குக் கேட்கும் என்று தினமும் எழுதுகிறவள் சொல்லச் சொல்ல, அவள் குரல் அவளுக்கே கேட்காமல் போயிற்று.

"வயித்துல இருக்கவரைக்கும் ஒண்ணும் செய்யாது," என்றார் டாக்டர். "ஆனா கை வழியா இடம் மாறுச்சுன்னா..." வார்டுப் பக்கம் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார். அந்த ஏழாவது மருந்துக்காகப் புவனேஸ்வரியின் புருஷன் பழனிக்குமார் மதுரைக்கு பஸ் ஏறினான்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. புவனேஸ்வரியின் அம்மா அய்யம்மாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லேப் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"நீதான் கண்டுபிடிச்சியாம்ல, டாக்டரு சொன்னாரு. ஒங்கையால எம் பேத்தியச் செத்த நேரம் தூக்கும்மா," என்று நீட்டினாள்.

ஐரின் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"செத்த நேரம் இருங்கம்மா. கை கழுவிட்டு வாரேன்."

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி சோப்பை எடுத்தாள். வாசலில் அய்யம்மாள், பிள்ளை கனக்க, கை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.