ஓடையும் என் முதுகும்

வத்தேகமவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் அதில் மிதக்கிற பிளாஸ்டிக் சொப்பிங் பேக் பொறுக்கியவன் நான். தனி ஆள். அதற்காகக் கிடைத்த ஒரே விருது சளி.

பிறகு மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்திலிருந்து டியூஷனுக்கு வருகிற ஒரு பிள்ளை, ஓடையில் மிதந்த லஞ்ச் சீட்டை, சோறு சுற்றுகிற அந்த பிளாஸ்டிக் தாளைத்தான், படமெடுத்து முகநூலில் போட்டாள். அடுத்த ஞாயிறு கரை நிறைய இளசுகள். "அக்கா, எங்க தொடங்குறது?" என்று எல்லாரும் அவளைத்தான் கேட்டார்கள். என்னிடம் ஒருவன் வந்தான்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. படத்துல விழுறீங்க."

தள்ளி நின்று அவளையே முறைத்தேன்.

அந்தச் சமயம்தான் எங்கள் கண்டிப் பக்கம் கலவரம். கடைகள் எரிந்தன. ஊரடங்கு போட்டார்கள். வதந்தி பரவுகிறதென்று முகநூலையும் அடைத்தார்கள். ஊரே நடுங்கிக்கொண்டிருக்க, எனக்கு வந்த யோசனையைப் பாருங்கள்: 'இனி இவள் எப்படி ஆள் சேர்ப்பாள்?'

ஊரடங்கு தளர்ந்ததும் வீடு வீடாகப் போய் ஞாயிறுக்கு அழைத்தேன். எல்லாரும் கதவைப் பாதிதான் திறந்தார்கள். "இப்பக் கூட்டமா நிக்கிறது சரியில்ல தம்பி."

அதோடு நின்றேனா? அவள் படத்துக்கு எத்தனை லைக் என்று பார்க்காமல் தூக்கம் வரவில்லை. தடையைத் தாண்ட, வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டுகிற விபிஎன் ஒன்றைப் போனில் போட்டேன். பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்த என்னை, போன் நெதர்லாந்தில் இருப்பதாக நம்பியது. எண்ணிக்கொண்டே போன விரல் தவறி லைக்கில் பட்டது. பதறி எடுத்தேன். எடுத்த வேகத்தில் திரும்பவும் பட்டது.

ஞாயிறு ஓடைக்கரையில் அவள் மட்டும், கையில் சாக்கோடு.

"எல்லாம் அடைச்சிருக்கிற நேரத்துல ஒரே ஒரு லைக் வந்துச்சு அண்ணே. அதுவும் ரெண்டு தடவ."

"நீ எப்பிடிப் பார்த்த?"

"நானும் நெதர்லாந்துலதான் இருந்தேன்."

குனிந்து பொறுக்கினேன். காது மட்டும் சுட்டது.

தடை நீங்கியதும் ஒரு படம் போட்டாள்: ஓடையில் குனிந்திருக்கும் என் முதுகு. 'இவர்தான் தொடங்கினவர்' என்று ஒரு வரி. லஞ்ச் சீட்டை விட அதிக லைக். பயம் தெளிந்த ஒரு ஞாயிறு கரை மறுபடி நிறைந்தது. வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவளைக் கேட்டார்கள்:

"அக்கா, அந்த முதுகுக்காரர் வரலையா?"

அவள் சிரித்தாள். நான் திரும்பி நின்றேன். அப்போதுதான் கண்டுகொண்டார்கள்.

அவள் மேல் இருந்த பொறாமை போய்விட்டது. இப்போது என் முதுகின் மேல்தான்.