எஞ்சின் இலக்கத்துக்குப் பக்கத்தில்

எங்கள் மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு என்ன பூச்சுப் பொருத்தம் என்று முடிவெடுக்க என் கணவருக்கு ஒரு மாதம் போலப் பிடித்தது. பெண் பார்க்க வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு யோசிக்கவில்லை. ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் என்னைச் சரி என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அந்த வண்டி அவர் தன் விருப்பத்துக்குக் கட்டியது. உடல் ஒரு வண்டியினுடையது, எஞ்சின் இன்னொன்றினுடையது. எஞ்சின் மாற்றியதைப் பதிவுப் புத்தகத்தில் முறையாக ஏற்றியிருந்தார். சண்டைக்காலத்தில் அது முக்கியம். உப்புவெளியில் இருந்த எங்கள் வீட்டுக்கும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவர் எழுதுவினைஞராக இருந்த களஞ்சியத்துக்கும் நடுவே ஆமி ஆட்களை மறித்துப் பார்க்கிற சென்றிகள் இருந்தன. எந்தச் சென்றியிலும் எவனும் குனிந்து, எஞ்சினில் குத்தியிருக்கும் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கலாம். ஒத்துவந்தால் போகலாம். வராவிட்டால் வண்டி எங்கே போகும், ஆள் எங்கே போவார் என்று யாரும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

கடற்காற்று அந்த எஞ்சினைத் தின்றுகொண்டிருந்தது. எஞ்சின் கேஸ், அதாவது எஞ்சினைச் சுற்றியிருக்கும் அலுமினியக் கூடு, உப்புப் பிடித்து வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டால் விரலில் மா போலத் தூள் ஒட்டும். இனியும் விட்டால் ஓட்டை விழும் என்று எஞ்சினைக் கழற்றினார். கழற்றிய கையோடு கேஸுக்கு ஒரு பூச்சுக் கொடுத்துவிட வேண்டும்.

அவருக்கு ஆசை, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. ஊரே தலையைக் குனிந்துகொண்டு திரிகிற நேரத்தில் நாற்பதைத் தாண்டிய மனிதருக்கு என்ன மினுக்கம்?

"ஆர் பாக்கிறதுக்கு உந்தப் பளபளப்பு?" என்று கேட்டேன்.

"என்ன கதை கதைக்கிறீர்? எங்கட வண்டிய ஆர் பாக்கப்போகினம், சென்றியில நிக்கிறவன்தான் பாப்பான்" என்றார். சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. பளபளப்பு அன்றோடு முடிந்தது.

பிறகு கறுப்பு. சூட்டுக்குத் தாங்கும் கறுப்புப் பெயின்ற் நகரத்தில் கிடைத்தது. ஆனால் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் சென்றியில் நிற்பவன் எதையோ மறைக்கிறாய் என்பான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த நாளில் அரண்டவன் கையில் துவக்கும் இருந்தது. கறுப்பும் போனது.

வெள்ளி நிறம் அடிப்போமா என்று முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினா. "களவெடுத்த வண்டிக்குத்தான் சில்வர் அடிக்கிறவை" என்றா. இதை மனுஷி எங்கே அறிந்தா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அதைவிட, நாங்கள் பேசுவது அவ்வளவு தெளிவாக மதிலைத் தாண்டுகிறதே என்று அன்றிலிருந்து வீட்டுக் கதையெல்லாம் குசினிக்குள் என்று ஆயிற்று.

ஆக, எது வடிவு என்று நாங்கள் பார்க்கவேயில்லை. எந்த நிறம் எந்தக் கேள்வியைக் கொண்டுவரும் என்றுதான் பார்த்தோம். கடைசியில் மிஞ்சியது மணல் அடிப்பது. காற்றழுத்தத்தோடு பொடி மணலைப் பீய்ச்சினால் உப்பும் அழுக்கும் போய், கேஸ் ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறத்துக்கு வரும். மினுங்காது, ஒளிக்காது. மனிதர்களே அப்படி இருக்க விரும்பிய காலம்.

நகரத்தில் அந்த வேலை செய்தவர் ஒருவர்தான். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கி மனிதர். கடைசல் பட்டறையும் வைத்திருந்தார். மூன்று மொழியும் தண்ணீர்பட்ட பாடு. கடற்படை இருந்த துறைமுகத்துக்குள் இருந்தும் படகுச் சாமான்கள் அவரிடம் திருத்த வரும், அவரும் உள்ளே போய் வருவார். உள்ளே போய் வருகிறவர் அங்கே என்ன கதைக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்கு, அவர் நல்ல கேஸை வைத்துக்கொண்டு வேறு கேஸைத் தந்துவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும் இன்னொருவரைக் காட்டினார்கள். சும்மா நாளில் அது வெறும் களவு. எங்களுக்கோ, யாருடையதோ ஒரு இலக்கம் எங்கள் வண்டியில் ஏறிவிட்டால் என் மனிதர் வீட்டுக்கு வர மாட்டார்.

கேஸில் ஒரு அடையாளம் வைப்போம் என்பது என் யோசனை. எல்லாரும் எல்லாரையும் சந்தேகித்த காலத்தில் நான் மட்டும் ஏன் ஏமாளியாக இருக்க வேண்டும்? கணவர் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறப் போனார். நான் விடவில்லை. பெயர் எழுத்து இருந்தால் நாளைக்கு அந்தக் கேஸ் எங்கேயாவது, ஆகாத இடத்தில் கிடந்தால், அது நம்மைத்தான் கைகாட்டும். பிறகு எதைக் கீறுவது? எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் போடுவதைத்தான் போட்டோம், பிள்ளையார் சுழி. அது யாருடைய பெயரும் இல்லை. எஞ்சின் இலக்கத்துக்குப் பக்கத்தில், ஆணியால், பயறு அளவில் ஒரு உ.

பட்டறைக்காரர் கேஸை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நான் கடல் மண் பாவிக்கிறேல்ல தங்கச்சி, அதில உப்பு நிக்கும். இது வெருகல் ஆத்து மண்" என்று ஒரு பிடி அள்ளிக் காட்டினார். சொன்ன நாளில் தந்தார். கேஸ் மழைக்கால வானம் போல ஒரே சாம்பலாக இருந்தது. நான் முதலில் பார்த்தது அந்த 'உ'வைத்தான். இருந்தது. இலக்கமும் 'உ'வும் இருந்த சின்ன இடம் மட்டும் மணல் படாமல், பழைய அலுமினியமாகவே நின்றது. மாற்றவில்லை என்று மூச்சு விட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அதற்குப் பிறகுதான். எஞ்சின் பூட்டி அடுத்த கிழமையே கணவரைச் சென்றியில் மறித்து, வண்டியோடு பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். களஞ்சியத்தில் அவரோடு வேலை செய்பவர் சைக்கிளில் வந்து பள்ளிக்கூடத்தில் என்னிடம் சொன்னார். நான் படிப்பித்துக்கொண்டிருந்த வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

இலக்கம் புத்தகத்தோடு ஒத்துத்தான் வந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்த கீறலை அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. இலக்கத்தை வெட்டி மாற்றப் பார்த்தவன் தொடங்கிய இடம் அது என்றார். இது என்ன என்று கேட்டதற்கு என் கணவர் "தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அந்த நாளில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மறுமொழி அதுதானே. தன் வண்டியில் இருக்கிற கீறல் தனக்கே தெரியாது என்கிறவரை யார் விடுவார்கள்? உள்ளே ஒரு மர வாங்கில் அவர் இருப்பது தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். பொழுதுபடுவதற்குள் அவர் வெளியே வராவிட்டால், பிறகு எந்த முகாமில் போய்த் தேடுவது என்றும் தெரியாது.

இனி அதைப் பிள்ளையார் என்று சொன்னால், முதலில் ஏன் ஒளித்தாய் என்பார்கள். அந்தக் கேஸைத் தொட்ட இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவர்தான். கள்ளன் என்று நாங்கள் நினைத்த அதே மனிதரிடம் போனேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணை, எங்கட கேஸில, நம்பருக்குப் பக்கத்தில..." என்று தொடங்கினேன்.

"உங்கட உ தானே?" என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன்.

"கண்ட உடன விளங்கினது. மாத்திப்போடுவன் எண்டு நினைச்சுத்தானே கீறினீங்கள்? மண் அடிச்சா அது அழிஞ்சிடும். அழிஞ்சா நான் கள்ளன்தான். அதுதான் நம்பரோட சேத்து அதுக்கும் டேப் ஒட்டிப்போட்டு அடிச்சனான்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நடந்ததைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டை மூடி வைத்துக் கை கழுவி, சேட் ஒன்றை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

அதிகாரியோடு சிங்களத்தில் கதைத்தார். எனக்குப் பாதியும் விளங்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ர பட்டறை அடையாளம் எண்டு சொல்லிப்போட்டன். நான் அடிக்கிற எல்லாக் கேஸிலயும் போடுவன் எண்டு. பட்டறையப் பாக்க ஆள் அனுப்புறாராம். கெதியா வாங்கோ."

பட்டறைக்கு ஓடினோம். சுவரில் இயேசுவின் படம், கீழே மேசை நிறைய ஊர் வண்டிகளின் கேஸும் மூடியும். ஆணியை எடுத்து அவர் கீறிய முதல் 'உ'வின் வால் இடப்பக்கம் போனது. ஆளுக்குப் பதற்றம். "தாங்கோ" என்று ஆணியை வாங்கி நான் கீறத் தொடங்கினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். நான் கீறினது புதுசு என்று தெரியாதபடி கழிவெண்ணெய்த் துணியால் அவர் அழுத்தித் தேய்த்தார். அவசரத்தில் துறைமுகத்துப் பித்தளைக் குழாய் ஒன்றிலும் பிள்ளையார் ஏறிவிட்டார். ஆயுளில் நான் அவ்வளவு சுழி போட்டதில்லை, அவ்வளவு மன்றாடியதும் இல்லை. அவரும் வாய்க்குள் ஏதோ செபித்தார்.

ஒரு பொலிஸ்காரர் வந்து சிலதைப் புரட்டிப் பார்த்தார். ஒரு மூடியைக் கையோடு கொண்டுபோனார். பொழுதுபடும் நேரம் கணவர் வண்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் தெருவிலேயே நின்று அழுதேன்.

சொன்ன சொல்லுக்காக அந்த மனிதர் அதற்குப் பிறகு தன் கைபட்ட எல்லாக் கேஸிலும் அந்த அடையாளத்தைப் போட வேண்டியிருந்தது. கிறிஸ்தவ மனிதர், இறக்கக்கண்டி முஸ்லிம் மீனவரின் வண்டிக்கும் உ, சிங்கள முதலாளியின் வண்டிக்கும் உ. சில மாதம் கழித்து அதே பொலிஸ் வாசலில் அந்த அதிகாரியின் சொந்த வண்டி நின்றது. எஞ்சின் புதிதாக மணல் அடித்த சாம்பல் நிறம். இலக்கத்துக்குப் பக்கத்தில் அச்சாவான ஒரு உ. வால் வலப்பக்கம்தான் போயிருந்தது. என் கணவர் அடுத்த வளைவு தாண்டும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கள் வண்டியை ஓட்டினார்.

பிறகு ஒருமுறை கிளட்ச் பக்கத்து மூடிக்கும் உப்புப் பிடித்தது. கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்த முறை நாங்கள் எதுவும் கீறவில்லை. வாங்கப் போனபோது அவர் அதைக் கடுதாசியில் சுற்றி என் கையில் தந்தார்.

"பாருங்கோ தங்கச்சி. மாத்தேல்ல."

பழக்கதோஷம், நானும் பிரித்துத் திருப்பிப் பார்த்தேன். மூலையில் உ இருந்தது. அவருடைய மேசையில் கிடந்த மற்ற எல்லா மூடியிலும் அதே உ இருந்தது. என் கையில் இருந்தது எங்களுடையதுதானா என்று கண்டுபிடிக்க உலகத்தில் இனி ஒரு வழியும் இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அண்ணை, எங்கடதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.