மச்சான் கேலி செய்யாத வீடு

அபிசாய் மாமரத்திலிருந்து விழுந்து நான்கு வருடமாகிறது. முதுகுத்தண்டு போயிற்று, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை, சிறுநீர் முட்டுவதும் தெரியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் கைப்பேசி மணி அடிக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய குழாயைச் செருகி, பாட்டிலில் வடிப்பான். தண்ணீரையும் அளந்துதான் குடிப்பான்.

அதெல்லாம் பழகிவிட்டது. ஊர் காட்டிய மரியாதைதான் பழகவில்லை. எங்கள் தீவில், ராக்கிராக்கிப் பக்கம் மாமன் மகன் என்றால் கண்டதும் கேலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் என்ன உறவு? அவனுடைய மாமன் மகன் இனோகே அதில் சூரன். அபிசாய் விழுந்த நாளிலிருந்து அவனும், "சாப்பிட்டியா? உடம்பு தேவலையா?" என்று பாதிரியார் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தான். அவர்கள் கூட்டாளியான எனக்கே எரிச்சலாக வரும்.

ஒரு சனிக்கிழமை மதியம் யங்கோனா என்ற வேர்ச்சாறு குடிக்க எல்லோரும் கொட்டகையில் கூடினோம். நீட்டிய சிரட்டையை யாரும் மறுப்பதில்லை. அபிசாய் நாலு சிரட்டை குடித்தான். மணி அடித்தது. நடுவில் வெளியே போனால் பேச்சு நின்றுவிடுமோ என்று அதை அமர்த்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் கால்சட்டை நனைந்து பாயில் வழிந்தது. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நானும்தான். இனோகே தன் துண்டை எடுத்து அவன் மடியில் போட்டான். அப்போதும் கேலி செய்யவில்லை.

அதன் பிறகு அபிசாய் வரவில்லை. ஒவ்வொரு சிரட்டைக்கும் நாங்கள் கை தட்டும் ஓசை மட்டும் அவன் வீட்டுக்குப் போயிருக்கும்.

மூன்று மாதம் கழித்து நானும் இனோகேயும் மரவள்ளிக்கிழங்கு கொடுக்கப் போனோம். அவன் குழாயும் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தான். இனோகே சட்டென்று வாசலுக்குத் திரும்பினான்.

"எங்கடா ஓடுற?" அபிசாய் கத்தினான். "நான் செத்தா போயிட்டேன்? ஒரு வார்த்தை திட்டிட்டுப் போயேன்டா!"

இனோகே நின்றான். தொண்டையைச் செருமினான்.

"மழை இல்லாம என் கரும்பு காயுது. நீ பாட்டில்ல புடிச்சுப் பதுக்கி வெக்கிற. கஞ்சப் பயலே."

அபிசாய் சிரித்தான். பாட்டில் கையில் ஆடும்படி சிரித்து, பிறகு அழுதான்.

"இன்னும் சொல்லுடா," என்றான்.