மேட்டம்மா மண்

மழைக்காலம் முடிந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கொரு கூடை மண் சுமப்போம். உப்பளத்துக்கு மேற்கே, வட்டமாக நட்ட கற்களுக்கு நடுவில் ஒரு செம்மண் மேடு. மழை கரைத்ததைத் திரும்பக் கொட்டி உயர்த்துவோம். நோய்நொடி என்றால் வேண்டுதலும் அதுதான், ஈரத்துணியோடு ஒரு கூடை மண். மேட்டம்மா என்று கும்பிடுவோம். ராஜாக்கள் காலத்துக்கும் முந்தின சனங்கள் செத்தவர்களைத் தாழியில் வைத்து மண் குவித்த இடம் என்று படித்தவர்கள் வந்து சொன்னார்கள். இருக்கட்டுமே. படுத்திருப்பவர்களுக்கும் ஒரு தாய் வேண்டாமா?

என் மகள் பிரசவத்தில் உயிருக்குப் போராடியபோது நான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தேன். எனக்குப் பதிலாகக் கூடை சுமந்தது என் அண்ணன். தாயும் மகனும் பிழைத்தார்கள்.

அண்ணன் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். போன மார்கழியில் வீட்டுக்கு வந்தார். மேட்டைச் சுற்றி மதில் கட்டப்போவதாகச் சொன்னார். ஜேசிபி வேலை செய்யும்வரை யாரும் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று ஊரில் நானே சொல்லிவிடவேண்டும் என்று கேட்டார். வெள்ளிதோறும் அங்கே விளக்கேற்றுகிறவள் நான். என் பேச்சை ஊர் கேட்கும். சந்தோஷமாக வீடுவீடாகப் போய்ச் சொன்னேன்.

வேலை முடிந்தது என்றதும் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன். மேட்டையே காணோம். கற்கள் ஓரமாகப் புரண்டு கிடந்தன. சிவந்த டயர்த் தடத்தைப் பிடித்தே நடந்தேன். அது அண்ணனின் உப்பளத்தில் போய் நின்றது. மழையில் லாரி புதைகிற பாதை முழுக்க மேட்டம்மா மண்ணைக் கொட்டி நிரவியிருந்தது. நடுநடுவே கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடு.

ஊரில் யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. குழாயடியில் ஒருத்தி, "அண்ணனும் தங்கச்சியும் பேசி வச்சுத்தான் செஞ்சாங்க" என்றது காதில் விழுந்தது. குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு வழக்கம்போல அண்ணன் சீர் கொண்டுவந்தார். அந்த அரிசியிலேயே பொங்கலிட்டு எடுத்துப்போய், அவருடைய பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு இலைபோட்டுப் படைத்தேன். விளக்கும் வைத்தேன். உப்பு ஏற்ற வந்த லாரி நின்றுவிட்டது. அண்ணன் ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது, லோடு நிக்குது. வீட்டுல வச்சுக் கும்பிடக்கூடாதா?"

"மண்ணு இங்கதான இருக்குது அண்ணா. எம்பொண்ணுக்காக நீ சொமந்த கூடையும் இதுலதான் இருக்குது."

அவர் விளக்கு அணையும்வரை ஓரமாக நின்றார். அணைந்ததும் டிரைவரைப் பார்த்து வரச்சொல்லிக் கைகாட்டினார். சக்கரம் ஏறுவதற்குள் இலையையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு விலகினேன்.