வாப்பாவின் நியூட்ரல்

முகைதீன் பிச்சை இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மட்டாஞ்சேரிக் கடவிலிருந்து மிளகு மூட்டை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த அவருடைய மோட்டார் படகைத் தோப்பும்படி ஊர்க்காரர் பைலி வாங்கினார். ஓட்டிப் பார்த்த அன்றே முகைதீன் பிச்சையின் மகன் பரீத்திடம் வந்து நின்றார்.

"எடா பரீதே, இது ஆளைக் கொல்லுற படகாக்கும். கியர் லிவரை நேரா நிறுத்தி என்ஜினைக் கிளப்பினேன். பின்னால போய்ப் படிக்கட்டுல முட்டிச்சு. நியூட்ரல் எங்கேன்னு உன் வாப்பாகிட்ட கபருக்குப் போய்க் கேக்கவா?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பரீத் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, என்ஜின் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். படகில் இறங்கி மூடியைத் திறந்தான். கியர் பெட்டியில் குற்றமில்லை. பெட்டியையும் இருக்கைக்குப் பக்கத்து லிவரையும் இணைக்கும் கம்பியின் முனைத் திருகை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். பெட்டி நியூட்ரலில் இருக்கும்போது லிவர் முன்பக்கம் சாய்ந்து நின்றது. நிமிர்த்தினால் ரிவர்ஸ். லிவர் இன்னும் முன்னால் போவதற்காகத் தகட்டின் பிளவை அரத்தால் ராவி நீட்டியிருந்தார்கள்.

யாரோ என்ன, வாப்பாதான். அந்தப் படகில் வேறு எவரும் ஸ்பேனர் வைத்ததில்லை. இப்படி ஒரு தப்பை அவரா செய்தார்?

பரீத் அவருடைய இருக்கையில் உட்கார்ந்தான். லிவரை முன்னே தள்ளினான், நிமிர்த்தினான். முழங்கை விலாவுக்குப் பின்னால் போகவே இல்லை. முறையான அமைப்பில் ரிவர்ஸ் போட, தோளோடு கையைப் பின்னால் இழுத்தாக வேண்டும்.

போன பெருநாள் தொழுகையில் வாப்பா பக்கத்தில் நின்றார். தக்பீர் கட்டக் கைகளை உயர்த்தும்போது இடது கை காதுவரை போனது. வலது கை மார்போடு நின்றுவிட்டது. வயசாகிவிட்டது, சோம்பல் என்று பரீத் நினைத்திருந்தான்.

"என்னடா உட்கார்ந்துட்டே? சரியாக்க முடியுமா, முடியாதா?"

"முடியும் சேட்டா."

கம்பியைக் கழற்றித் திருகைச் சுற்றினான். லிவர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. பூட்டு நட்டை இறுக்கினான். படகைக் கயிற்றில் கட்டியபடியே பைலி முன்னும் பின்னும் போட்டுப் பார்த்தார். கியர் முழுசாக விழுந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார்.

வீட்டில், கணவனை இழந்து இத்தா இருக்கும் உம்மா வாசலைத் தாண்டக் கூடாது. கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"படகு போயிடுச்சா?"

"போயிடுச்சு. உம்மா, வாப்பாவுக்குத் தோள் வலி இருந்துச்சா?"



"காலையில சட்டை மாட்டிவிட்டதே நான்தானே. நீ படிக்கிறப்பவே, உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. தெரிஞ்சா படிப்பை விட்டுட்டுப் படகுல வந்து ஏறிடுவான், கோட்டிக்காரப் பயன்னாரு."

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்டது. பரீத் கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பாயை விரித்தான். தக்பீர் கட்டினான். இரண்டு கைகளும் காதுவரை போயின. எங்கும் தடுக்கவில்லை. வலது கையை இறக்கத்தான் அவனுக்கு நேரமானது.