தாண்டவராயன் ஒப்புதல் தரவில்லை

செத்துப்போன மனிதரிடம் பதினோரு மாதம் வேலை வாங்கியவன் கடலூர் மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். மாவட்டம் என்ன மாவட்டம், உலகத்திலேயே நான்தான்! சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. சிதம்பரத்தில் அதற்கு ஒரு கிளை. மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எல்லா சர்வருக்கும் பேட்ச் போட வேண்டும். திருடன் நுழைகிற ஓட்டையை அடைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டபின் சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். அந்த இருபது நிமிஷம், சிதம்பரம் ரத்த வங்கியில் எந்தப் பை எந்த நோயாளிக்கு என்று ஒருவருக்கும் தெரியாது.

அதனால் ஒரு விதி உண்டு. ஒருவர் பேட்ச் போடுவார். இன்னொருவர் சிதம்பரம் வார்டுக்குப் போன் செய்து, யாருக்காவது ரத்தம் ஏறுகிறதா என்று கேட்டுவிட்டு, தன் கணக்கில் நுழைந்து ஒப்புதல் தருவார். அந்த இன்னொருவர் தாண்டவராயன். எனக்கு மச்சான் முறை. நெஞ்சுவலியில் போய்விட்டார். சுடுகாடு வரை தோள் கொடுத்தேன்.

அவர் இடத்துக்கு நிர்வாகம் ஆள் போடவில்லை. நான் லேசுப்பட்டவனா? அவர் கணக்கை மூடாமல் வைத்துக்கொண்டேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நானே பேட்ச் போடுவேன். நானே தாண்டவராயனாக நுழைந்து ஒப்புதலும் தருவேன். வார்டுக்குப் போன் மட்டும் செய்ததே இல்லை. "போனவங்க கணக்கை அன்னைக்கே மூடிடுங்க சார்" என்று, எங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்க்கிற வித்யா பயிற்சி வகுப்பில் தொண்டை வறளச் சொல்வாள். முதல் வரிசையில் உட்கார்ந்து, கழுத்து சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டுவேன்.

பன்னிரண்டாவது மாதம். ரிட்டயர் ஆகுமுன் என் கடைசிப் பேட்ச். அறையில் நான் மட்டும். இரவு 1.40. தாண்டவராயன் கணக்கில் நுழையக் கீபோர்டில் விரலை வைத்தேன். வைக்கத்தான் செய்தேன்... ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை.

டிங்.

"மறுப்பு: தாண்டவராயன். நேரம் 1.41."

காரணம் எழுதும் கட்டத்தில் ஒரு வரி. "பொறு மச்சான். ரத்தம் ஏறுது."

தலையில் மிச்சமிருந்த பதினேழு முடியும் நட்டுக்கொண்டு நின்றன. வித்யாவைப் போனில் எழுப்பினேன்.

"தாண்டவராயன் வந்திருக்காரும்மா."

"எங்க சார்?"

"கம்ப்யூட்டர்ல."

"ராத்திரி என்ன சார் சாப்டீங்க?"

எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். வெடித்தாள். "அந்த ஆட்டு ஆட்டுனீங்களே தலைய! எவனோ ஹேக்கர் பூந்துட்டான் சார். இருங்க, அவர் கணக்க நான் பூட்டுறேன்."

திருவந்திபுரத்தில் தன் வீட்டில் இருந்தபடியே பூட்டினாள். மணி 1.52.

"இனிமே பேயே வந்தாலும் நுழைய முடியாது. ஒப்புதல நான் தர்றேன், நீங்க அணைச்சு எழுப்புங்க."

வார்டுக்குப் போன் செய்ய அவளுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பொத்தான் மேல் விரலை வைத்தேன்.

ஏசி நின்றது.

டிங். 1.58.

"மறுப்பு: தாண்டவராயன்."

"சார்... நான் பூட்டிட்டேனே சார்..."

டிங்.

டிங்.

பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. தாண்டவராயன் உட்காருவது. அது மெல்ல... கிரீச்... என் பக்கம் நகர்ந்தது.

விரலை எடுத்துவிட்டேன்.

2.15...

2.40...

வித்யாவும் போனை வைக்கவில்லை.

3.06.

டிங்.

"ஒப்புதல்: தாண்டவராயன். அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்காங்க. இப்ப அடி."

அடித்தேன்.

விடிந்ததும், ஒரு வருஷத்தில் முதல் தடவையாகச் சிதம்பரம் வார்டுக்குப் போன் செய்தேன். நர்ஸ் ராஜாமணி எடுத்தார்.

"ஆமா சார், பிரசவ கேஸு. ஒன்றரைலேருந்து மூணு வரைக்கும் ரத்தம் மாத்தி மாத்தி ஏத்துனோம். நடுவுல சர்வர் நின்னிருந்தா அந்தப் பொண்ணு இல்ல. அதான் உங்க ஆளுகிட்ட அப்பவே சொன்னனே?"

"எந்த ஆளு?"

"தாண்டவராயன் சார்தான். மாசம் தவறாமக் கேக்குறாரே! நோட்டுல எழுதியே வெச்சிருக்கேன். ஏன் சார், அவுருக்கு உடம்பு சரியில்லியா? ஒரு வருஷமா எங்கியோ தூரத்துலேருந்து பேசுற மாதிரியே கேக்குது."

இதையெல்லாம் சொல்லியும் வித்யா நம்பவில்லை. ஹேக்கர் வார்டுக்கும் போன் போட்டிருப்பான் என்று சாதித்தாள். அடுத்த மாதம் நான் ரிட்டயர். ஒப்புதல் வேலை அவள் தலையில் விழுந்தது.

அந்த மாதம் பேட்ச் போடும் சனிக்கிழமை ராத்திரி. நல்ல தூக்கம். போன் அடித்தது. மணி 1.43.

"சார்..."

"சொல்லும்மா."

"வார்டுக்குப் போன் பண்ணேன் சார். 'இப்பத்தானே தாண்டவராயன் சார் கேட்டுட்டுப் போன வெச்சாரு'ங்கறாங்க."

அவள் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"நீங்க சொன்னது நெசம் சார். நடந்துச்சு."