எறும்புக்கும் இடமில்லை

ஆள் நடந்து போனால் ஒரு புளியங்கொட்டை. சைக்கிள் போனால் ஒரு வேப்பங்கொட்டை. கார் போனால் ஒரு கல். களையெடுப்புக்கு நடுவே கே.ஜி.கண்டிகைச் சாலையோரம் கஞ்சி குடிக்க உட்காரும் கன்னியம்மாள், ஒரு கையில் தூக்குச்சட்டியும் மறு கையில் மூன்று சுருக்குப்பைகளுமாகச் சாலையை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஐந்து நாளாக இதே வேலை.

"இன்னாக்கா, பல்லாங்குழி ஆடிக்கினுகிறியா?" சைக்கிளில் போகும் தறிக்காரர் வீராசாமி கேட்கிறார்.

"ஆங், நீயும் ஒரு கொட்டதான். போ, போ!"

வயது நாற்பத்தைந்து. கூலி வேலை. 2001 தேர்தலில் பெண்கள் ஒதுக்கீட்டில் வென்ற கல்மேடு ஊராட்சி உறுப்பினர். தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக அனுப்பி, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, அதற்கு மேலே பிறகு எழுதிக்கொள்வது அங்கே பழக்கம். போன வருடம் கன்னியம்மாளும் அப்படித்தான் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு மேலே எழுதிக்கொண்ட தீர்மானத்தால் சாலையில் ஒரு சிமெண்ட் அலங்கார வளைவு முளைத்தது. அதன் தூண்கள் நடக்கும் ஓரத்தை விழுங்கின. சாலைக்கு இறங்கி நடந்த பக்கத்து வீட்டு அம்சாவின் காலில் வேன் ஏறியது.

"வேன்காரனச் சொல்லி இன்னா? என் கையிதான் ஏத்துச்சு" என்று சொல்லும்போதெல்லாம் வலது கையைக் கிள்ளிக்கொள்கிறார்.

இப்போது, ஆடிக் கிருத்திகைக்குக் காரில் வருகிறவர்களுக்காக மிச்சமிருக்கும் மண்ணோரத்தையும் எடுத்துச் சாலையை அகலமாக்கத் தலைவர் ஜெகநாதன் துடிக்கிறார். காவடி சுமந்து நடப்பவனை முள்ளுக்குள் தள்ளிவிட்டுக் காருக்கு வழி விரிக்கிற பக்தி!

மறுநாள் ஊராட்சிக் கூட்டத்தில் மூன்று பைகளும் மேசைமேல் கவிழ்ந்தன.

"இன்னாம்மா இது, சந்தையா?" என்றார் தலைவர்.

"எண்ணிப் பாருங்க தலைவரே. கல்லு நாப்பத்தொண்ணு. மத்ததெல்லாம் நம்ம ஜனம்."

யாரோ சிரித்தார். இன்னொருவர் எண்ண ஆரம்பித்தார். எண்ணியவரின் கையும் கடைசியில் உயர்ந்தது. சாலை அகலமாகாது, ஓரத்தில் நடைபாதையும் சைக்கிள் வழியும் வரும் என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் முடிவானது.

எழுத்தர் கங்காதரன் வழக்கம்போல வெற்றுத் தாளை நீட்டினார். "கையெழுத்து போட்டுட்டுக் கெளம்பும்மா. நான் வூட்ல ஒக்காந்து நல்லா எழுதிக்கிறேன்."

"இங்கியே எழுது நைனா. எழுதிட்டுப் படி."

எழுதினார். படித்தார். கன்னியம்மாள் பேனாவை வாங்கி, கடைசி வரியின் காலடியில், எறும்பு நுழையவும் இடம் விடாமல் தன் பெயரை ஒட்டி எழுதினார்.